பெருமாள்மலையில் கிடந்த உடல்: ஒரு தீர்ப்பை வாசித்தல்

1

2001-ல் நான் ஏழாம் வகுப்பு. அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவேன். மலைக்காய் ஏற்றி வருகிற லாரிகள் கேரட், பீன்ஸ் மூட்டைகளோடு மேலே நடக்கிற கதைகளையும் கொண்டுவந்து இறக்கும். அந்த நவம்பர் கடைசியில் ஒரு டிரைவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பெருமாள்மலைப் பக்கம் காட்டுல ஒரு பாடி கெடந்துச்சுல்லங்க, ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சாம். மெட்ராஸ்காரனாம். சரவண பவன் கேசுங்க."

அப்பா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "செஞ்சதப் பாத்தவன் யாரு?"

"பாத்தவன் யாருங்க இருக்கான் காட்டுல? ஆனா அவங்கதான் செஞ்சிருக்கணும்."

அப்பா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கணக்கெழுதுகிறவருக்கு 'இருக்கணும்' என்ற சொல் பிடிக்காது. நாற்பது மூட்டை வந்திருக்கணும் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுத மாட்டார். வந்ததா, இல்லையா என்பதுதான் கணக்கு.

அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 2019 மார்ச் 29 ஆனது. 'பட்டு ராஜன் எதிர் தமிழ்நாடு அரசு' என்பது தீர்ப்பின் பெயர். நீதிபதிகள் என்.வி. ரமணா, மோகன் எம். சாந்தனகௌடர், இந்திரா பானர்ஜி. இதுவரை நாலைந்து முறை வாசித்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனாலும் தீர்ப்பை ஒரு பிரதியாக, நாவலையோ வாழ்க்கை வரலாற்றையோ வாசிப்பதுபோல வாசித்து விமர்சிக்கலாம் என்று நினைக்கிறேன். யாருமே பார்க்காத ஒரு நிகழ்வை, "இப்படித்தான் நடந்தது" என்று ஒரு ஆளின் ஆயுளைப் பணயம் வைத்துச் சொல்கிற எழுத்து அது. புனைவெழுத்தாளர் யாருக்கும் அவ்வளவு பொறுப்பு கிடையாது.

2

வழக்கின் கதை எல்லோருக்கும் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1981-ல் சென்னை கே.கே. நகரில் தொடங்கி உலகமெங்கும் கிளை விட்ட உணவகத்தின் முதலாளி பி. ராஜகோபால். அவருடைய ஊழியர் ஒருவரின் மகள் ஜீவஜோதி. அவரை மூன்றாவதாகத் திருமணம் செய்துகொள்ள முதலாளிக்கு ஆசை. ஜீவஜோதியோ 1999-ல் சாந்தகுமார் என்பவரை மணந்துவிட்டார். மிரட்டல்கள். 2001 அக்டோபர் 1-ம் தேதி தம்பதியைத் தூக்கிப் போகிறார்கள். தப்பித்து வந்து, அக்டோபர் 12-ம் தேதி ஜீவஜோதி போலீசில் புகார் கொடுக்கிறார். ஆறே நாளில், 18-ம் தேதி, மறுபடியும் தூக்குகிறார்கள். தெற்கே திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் அலைக்கழிக்கிறார்கள். அந்த மாதக் கடைசியில் சாந்தகுமாரை மட்டும் பிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் உயிரோடு திரும்பவில்லை.

அக்டோபர் 31-ம் தேதி கொடைக்கானல் மலையில் பெருமாள்மலைக்கு அருகே டைகர் சோலைக் காட்டில் வனத்துறையினர் ஒரு ஆண் உடலைக் காண்கிறார்கள். பெயர் தெரியாத உடல். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்கிறது, கழுத்து நெரிபட்ட சாவு என்று தெரிகிறது. உரிமை கோர ஆளில்லாததால் அங்கேயே புதைத்துவிடுகிறார்கள். நவம்பர் 20-ல் ஜீவஜோதி மறுபடி புகார் தருகிறார். 23-ம் தேதி ராஜகோபால் சரணடைகிறார். பிறகு உடல் தோண்டியெடுக்கப்படுகிறது.

2004-ல் செஷன்ஸ் நீதிமன்றம் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று பத்தாண்டு கொடுத்தது. 2009 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கொலை என்று மாற்றி ஆயுள் தண்டனை ஆக்கியது. பத்தாண்டு கழித்து உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019 ஜூலை 9-ல் ராஜகோபால் ஆம்புலன்சில் வந்து சரணடைந்தார். ஜூலை 18-ல் இறந்துபோனார்.

இந்தக் கதையை நம் பத்திரிகைகளும் யூடியூப் சேனல்களும் எப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள். முதலில் ஜோசியம், அப்புறம் ஆசை, அப்புறம் தோசை. வெங்காயம் நறுக்கிய பையன் பேரரசு கட்டி, பெண்ணாசையால் வீழ்ந்தான் என்கிற இதிகாசச் சட்டகம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்முறையில் நோக்கம் ஒன்றே முழு நிரூபணமாகிவிடுகிறது. 'அவருக்கு ஆசை இருந்தது, ஆகவே அவர்தான்.' இது டிரைவரின் 'இருக்கணும்' தான், பின்னணி இசை மட்டும் கூடுதல். இரண்டாவது குறை இன்னும் பெரியது. அந்தக் கதையில் சாந்தகுமார் கிடையாது. ஒரு பெரிய மனிதரின் வீழ்ச்சிக்கு அவர் காரணப்பொருள், அவ்வளவுதான்.

தீர்ப்பு இதற்கு நேர்மாறான பிரதி. சுவையே இல்லாதது. அதன் முக்கியமான கேள்விகளில் ஒன்று, "புதைத்தெடுத்த அந்த உடல் யாருடையது?" என்பது.

3

தமிழில் 'செய்திருக்க வேண்டும்' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று கடமை. இன்னொன்று ஊகம். 'மழை பெஞ்சிருக்கணும், தரை ஈரமா இருக்கு.' பேச்சில் இது உறுதியைக் குறிக்காது, உறுதியின் வேஷத்தில் வருகிற சந்தேகம். யாராவது வாசலைக் கழுவி விட்டிருக்கலாம்.

சந்தர்ப்ப சாட்சியம் பற்றிய இந்தியச் சட்டம் முழுக்க இந்த வேஷத்தைக் கலைக்கும் முயற்சி. 1973-ல் சிவாஜி சாகப்ராவ் போப்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 'இருக்கலாம்' என்பதற்கும் 'இருந்தே தீரும்' என்பதற்கும் இடையே உள்ள தூரத்தைச் சுட்டிக்காட்டியது. 1984-ல் சரத் பிர்திசந்த் சாரதா வழக்கில் ஐந்து நிபந்தனைகளைத் தொகுத்தது. என் மொழியில் சொல்கிறேன்: ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியே முழுமையாக நிறுவப்பட வேண்டும். அவை குற்றம் சாட்டப்பட்டவர் செய்தார் என்பதோடு மட்டுமே பொருந்த வேண்டும். ஐயத்துக்கு இடமின்றி ஒரே திசையைக் காட்ட வேண்டும். வேறு எல்லா விளக்கங்களையும் விலக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அறாத சங்கிலியாக இருக்க வேண்டும்.

நான்காவது நிபந்தனைதான் உயிர். நம் கதையை ஆதரிக்கிற ஆதாரங்களைச் சேர்ப்பது சுலபம். நம் கதையை உடைக்கக்கூடிய கதைகளை நாமே யோசித்து, ஒவ்வொன்றையும் விலக்குவதுதான் கடினம்.

இதை நான் சட்டப் புத்தகத்தில் கற்கவில்லை. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு மாதக் கடைசி வெள்ளி இரவு 11:42-க்குப் பணப்பரிமாற்ற சர்வர் விழுந்தது. 11:38-க்கு என் குழுவில் இருந்த ஒரு இளைஞன் ஒரு மாற்றத்தை ஏற்றியிருந்தான். நான்கு நிமிட இடைவெளி. அந்த நேரத்தில் உள்ளே வேறு யாரும் இல்லை. அவன் ஏற்கெனவே இரண்டு முறை தவறு செய்தவன். மூல காரண அறிக்கையை எழுதியவன் நான். அவன் மாற்றம்தான் காரணம் என்று எழுதினேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, என் கோட் அந்த டேபிளையே தொடலையே?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதக் கடைசி வெள்ளி இரவு, யாரும் எதையும் ஏற்றாதபோது, அதே நேரத்தில் அதே சர்வர் மறுபடி விழுந்தது. 11:40-க்கு ஓடும் பழைய தானியங்கி வேலை ஒன்று இணைப்புகளையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் அவன் வேலையை விட்டுப் போயிருந்தான். அறிக்கையைத் திருத்தினேன். அவனுக்கு ஒரு செய்தியும் அனுப்பினேன். பதில் இல்லை.

நோக்கம் இல்லை, ஆனால் முன் வரலாறு இருந்தது. கடைசியாகப் பார்க்கப்பட்டவன் அவன். கால இடைவெளி குறைவு. மூன்றும் உண்மை. மூன்றையும் சேர்த்து நான் எட்டிய முடிவு பொய். இந்தத் தீர்ப்பை முதன்முறை திறந்தபோது, ஒரு நீதிமன்றம் என்னைப்போலத் தப்புச் செய்யாமல் எப்படித் தப்பிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் திறந்தேன்.

4

சங்கிலி என்ற உவமையில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து கண்ணிகள், ஒவ்வொன்றும் 90 சதவீதம் உறுதி, ஒன்றையொன்று சாராதவை என்று வையுங்கள். ஐந்தும் சேர்ந்து நிற்கும் வாய்ப்பு 59 சதவீதம்தான். கண்ணி கூடக்கூடச் சங்கிலி பலவீனமாகிறது. ஆனால் நடைமுறையில் ஆதாரம் கூடினால் நம் உறுதியும் கூடத்தானே செய்கிறது? 1866-லேயே இங்கிலாந்தில் எக்ஸால் வழக்கில் நீதிபதி போலாக் இதைக் கவனித்தார். சங்கிலி என்று சொல்வதைவிடப் பல புரிகள் சேர்ந்த கயிறு என்பதே பொருத்தம் என்றார். லாரியில் மூட்டை கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு புரி அறுந்தாலும் கயிறு தாங்கும்.

என் வாசிப்பில் இரண்டு உவமைகளும் தேவை. கொலை வழக்கில் சில விஷயங்கள் கண்ணிகள். அவற்றில் ஒன்று போனாலும் எல்லாம் போச்சு. ஒவ்வொரு கண்ணியும் உள்ளே ஒரு கயிறு, பல புரிகளால் முறுக்கப்பட்டது. சாந்தகுமார் வழக்கில் கண்ணிகள் மூன்று. அந்த உடல் சாந்தகுமாருடையது. அது கொலை. கடைசியில் அவர் இவர்கள் பிடியில் இருந்தார். நோக்கம் கண்ணி அல்ல. பிற கண்ணிகளுக்குள் ஓடும் ஒரு புரிதான். நோக்கம் நிரூபிக்கப்படாமலும் ஒருவரைத் தண்டிக்கலாம். நோக்கம் மட்டும் நிரூபிக்கப்பட்டால் யாரையும் தண்டிக்க முடியாது. பத்திரிகைக் கதைகள் தலைகீழாகப் பிடித்திருப்பது இதைத்தான்.

முதல் கண்ணியை எடுப்போம். உடல் யாருடையது? இங்கே புரிகள் உண்டு. பிரேதப் பரிசோதனைக்கு முன் எடுத்த படங்கள், உடலில் இருந்த துணிமணிகள், அவற்றைக் குடும்பத்தார் அடையாளம் காட்டியது, மண்டையோட்டையும் உயிரோடிருந்தபோது எடுத்த புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்த்த சூப்பர்இம்போசிஷன் சோதனை. டி.என்.ஏ. சோதனை செய்யவில்லை. எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. 2001-ல் அந்த வசதி நாட்டில் இருந்தது, ஏன் செய்யவில்லை? நியாயமான கேள்வி. நீதிமன்றத்தின் பதில்: டி.என்.ஏ.வும் நிபுணர் கருத்துதான், அதன் எடை வழக்குக்கு வழக்கு மாறும், அது இல்லை என்பதாலேயே மற்ற சான்றுகள் விழுந்துவிடாது. சூப்பர்இம்போசிஷன் தவறவே தவறாத சோதனை என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. உறுதுணையாக மட்டுமே அதை எடுத்துக்கொண்டது.

இது சரிதான், ஆனால் இந்த இடத்தில் தீர்ப்பு இன்னும் ஒரு படி போயிருக்கலாம். எல்லாச் சோதனைகளும் இரண்டு திசையிலும் ஒரே பலத்தோடு பேசுவதில்லை. மண்டையோடு படத்தோடு பொருந்தவில்லை என்றால் 'இவர் இல்லை' என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பொருந்தினால் 'இவராக இருக்கலாம்' என்று மட்டுமே சொல்லலாம், அதே முக அமைப்பு வேறொருவருக்கும் இருக்கக்கூடும். விலக்குவதில் வல்லமை, நிறுவுவதில் மென்மை. இதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், பின்னால் வருகிற கீழமை நீதிமன்றங்களுக்கு ஒரு அளவுகோல் கிடைத்திருக்கும். 'உறுதுணை' என்ற சொல் எவ்வளவு எடை என்று சொல்வதில்லை.

இன்னொன்றையும் மலையடிவாரத்துக்காரனாகச் சேர்த்துக்கொள்கிறேன். இது தீர்ப்பில் உள்ளதல்ல, என் ஊகம். அந்தப் படங்கள் அடையாளம் காட்டப் பயன்பட்டதில் மலைக் குளிருக்கும் பங்கு இருந்திருக்கும். குளிர் உடல் அழுகுவதைத் தாமதப்படுத்தும். ஐப்பசி மாதத்துச் சோலைக்காடு எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கீழே சமவெளியில் அதே உடல் அத்தனை நாள் கிடந்திருந்தால் முகம் மிஞ்சியிருக்காது. மறைக்கத் தேர்ந்தெடுத்த இடமே காட்டிக்கொடுத்திருக்கலாம்.

5

அடுத்து, புரிகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி. என் தொழிலில் இதுதான் முதல் பாடம். பத்து எச்சரிக்கை மணி அடித்தால் பத்துப் பிரச்சினை என்று அர்த்தமில்லை. பத்தும் ஒரே சென்சாரிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நோக்கம், முதல் கடத்தல், இரண்டாவது கடத்தல், கடைசியாக யார் பிடியில் என்ற நான்கும் பெரும்பாலும் ஜீவஜோதியின் சாட்சியத்தையும் அவர் குடும்பத்தாரின் சாட்சியத்தையும் நம்பி நிற்கின்றன. அவரை நம்பவில்லை என்றால் நான்கும் சேர்ந்து ஆட்டம் காணும். அப்படியானால் இவை நான்கு புரிகள் இல்லை. ஒரே நாரை நான்கு முறை முறுக்கியது. தீர்ப்பு இந்தச் சூழ்நிலைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் நிறுவப்பட்டது என்று சொல்லிக்கொண்டே போகும்போது, படிக்கிறவனுக்கு எண்ணிக்கை மயக்கம் வந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பில் மட்டுமில்லை, நான் வாசித்த சந்தர்ப்ப சாட்சியத் தீர்ப்புகள் பலவற்றிலும் உள்ள பழக்கம் இது. ஆதாரங்களை எண்ணுகிறார்கள். எது எதைச் சார்ந்தது என்று பார்ப்பதில்லை.

அப்படியானால் தண்டனை தவறா? இல்லை என்றே நினைக்கிறேன். வழக்கின் உண்மையான பலம் தீர்ப்பு அழுத்தம் கொடுக்காத ஓரிடத்தில் இருக்கிறது. இரண்டு தேதிகள். அக்டோபர் 12, அக்டோபர் 31.

ஜீவஜோதி புகார் கொடுத்த அக்டோபர் 12-ல் சாந்தகுமார் உயிரோடு இருந்தார். கொலையைச் சொல்லி வைத்து யாரையும் மாட்டிவிட அப்போது கொலையே இல்லை. நடந்த பிறகு நினைவிலிருந்து தொகுத்த கதையில்லை, நடப்பதற்கு முன் பதிந்த அச்சம். மறுபக்கம் அக்டோபர் 31-ல் உடலைப் பார்த்த வனத்துறையினருக்கும், அறுத்துப் பார்த்த மருத்துவருக்கும் சென்னையில் ஒரு உணவக முதலாளியின் தகராறு பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு அது பெயரில்லாத உடல். இந்த இரண்டு பதிவுகளும் ஒன்றையொன்று அறியாதவை. ஒன்று சென்னையில், ஒன்று மலைக்காட்டில். இரண்டும் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன. இதுதான் வேறு வேறு நாரால் ஆன கயிறு. நான்கு கண்ணிகளைவிட இந்த ஒரு சந்திப்புக்கு எடை அதிகம்.

அந்த முதல் தேதி இன்னொன்றையும் சொல்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. பின்னால் வலுவான சான்றாக ஆன காகிதம், கொடுத்த நாளில் ஒரு உயிரைக் காப்பாற்றுவதற்கான விண்ணப்பம். ஆறு நாள் கழித்து அவர்களை மறுபடி தூக்கிக்கொண்டு போக முடிந்திருக்கிறது. அந்தப் புகாரின் எடை அப்போதே யாருக்காவது தெரிந்திருந்தால் எடைபோட வேறு எதுவும் மிஞ்சியிருக்காது.

6

என்னை இடறவைக்கிற இடம் ஒன்று உண்டு. போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. ஆனால் அதன் விளைவாக ஒரு உண்மை கண்டுபிடிக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் ஏற்கலாம் என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 23-வது பிரிவின் ஒரு பகுதியாகத் தொடர்கிறது. இந்த வழக்கில் எதிரியின் வாக்குமூலம் உடல் போடப்பட்ட இடத்துக்கு இட்டுச் சென்றது ஒரு கண்ணியாக ஏற்கப்பட்டது. ஆனால் உடலைத்தான் அக்டோபர் 31-லேயே எடுத்துப் புதைத்தாயிற்றே, இனி கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

இதற்குப் பிரிவி கவுன்சில் புலுகுரி கோட்டையா வழக்கில் ஒரு விடை வைத்திருக்கிறது. கண்டுபிடிக்கப்படுவது பொருள் மட்டுமல்ல, அது இருந்த இடமும், அதை அந்த ஆள் அறிந்திருந்தார் என்பதும்தான். அழகான விடை. ஆனால் அந்த அறிவின் மதிப்பு முழுக்க ஒரே விஷயத்தைப் பொறுத்தது. கேட்டவருக்கு ஏற்கெனவே தெரியுமா, தெரியாதா? கேள்வி கேட்பவருக்கே விடை தெரிந்திருந்தால், பதில் சொன்னவரின் அறிவு எது, கேட்டவரின் அறிவு எது என்று பிரிக்கவே முடியாது. இந்தியாவில் 27-வது பிரிவு அவ்வளவு சுலபமாகத் தவறாகப் பயன்படுவதும் இதனால்தான். சென்னைப் போலீசும் கொடைக்கானல் போலீசும் வேறு வேறு என்பது இந்த வழக்கில் அரசுத்தரப்புக்குத் துணை நிற்கிறது. இருந்தாலும் இந்தப் புரியை நான் மெல்லியதாகவே எடைபோடுவேன். இது இல்லாமலும் கயிறு தாங்குகிறது என்பதே நிம்மதி.

இன்னொரு இடறல் மொழி. சாட்சிகள் தமிழில் பேசுகிறார்கள். தீர்ப்பு ஆங்கிலத்தில் வருகிறது. நம் ஊரில் 'கூட்டிட்டுப் போனாங்க', 'இழுத்துட்டுப் போனாங்க', 'தூக்கிட்டுப் போயிட்டாங்க' என்ற மூன்றுக்கும் இடையே எவ்வளவு தூரம்! முதலாவதில் பாதி சம்மதம், மூன்றாவதில் துளியும் இல்லை. இவையெல்லாம் கடத்தல் என்ற ஒரே சட்டச் சொல்லுக்குள் போய் அடங்கிவிடுகின்றன. முதலாளி கூப்பிட்டால் ஊழியரின் மகள் காரில் ஏறித்தான் ஆக வேண்டும் என்கிற நிலையில் சம்மதம் எது, பலவந்தம் எது? ஆங்கிலத் தீர்ப்பில் இந்த நுணுக்கம் பெரும்பாலும் காணாமல் போயிருக்கிறது. நல்ல தமிழ் நாவலாசிரியர் ஒருவர் இந்த வழக்கைத் தொட்டால் ஜோசியத்தை விட்டுவிட்டு இங்கேதான் தொடங்குவார்.

செஷன்ஸ் நீதிமன்றத்தின் பத்தாண்டுத் தண்டனையும் ஒரு வாசகனாக எனக்குப் புரியவில்லை. இரண்டு முறை கடத்தல், ஆளைப் பிரித்து மலைக்காட்டுக்குக் கொண்டுபோதல், கழுத்தை நெரித்தல் என்ற வரிசையை ஏற்றுக்கொண்ட பிறகு, கொலை என்ற சொல்லில் தயங்க என்ன இருக்கிறது? சான்று 'யார்' என்பதை நிறுவிய பிறகும், 'எவ்வளவு' என்பதில் வேறு எடைகள் தராசில் ஏறிவிடுவதை நாம் முன்பும் பார்த்திருக்கிறோம். 1952-ல் ஆளவந்தாரின் தலையில்லாத உடல் ரயில் பெட்டியிலும், தலை ராயபுரம் கடற்கரையிலும் கிடைத்தன. இரண்டையும் பொருத்தி ஆளை நிறுவியது தடயவியலின் சாதனை. ஆனால் தண்டனை ஏழாண்டும் மூன்றாண்டும்தான். அங்கே செத்தவரின் குணம் எடைபோடப்பட்டது. இங்கே எது எடைபோடப்பட்டது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஊகிக்கவும் மாட்டேன்.

7

சாட்சியத்தை எடைபோடுவது பற்றித் தமிழில் எழுதினால் மதுரைக்குப் போகாமல் முடியாது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை உலகின் மிகச்சிறந்த தவறான தீர்ப்புகளில் ஒன்று. காணாமல் போன சிலம்பு, கையில் சிலம்போடு ஒரு அந்நியன். இவ்வளவுதான் சான்று. பலரும் கவனிக்காத இடம், நடுவில் வருகிற தயக்கம். கோவலனைப் பார்த்ததும் காவலர்களுக்கு இவன் கள்வன் போல் இல்லையே என்று தோன்றுகிறது. உடனே பொற்கொல்லன் கள்வர்கள் பற்றிப் பேச ஆரம்பிக்கிறான். மந்திரம், மருந்து, நிமித்தம் என்று அவர்களின் உபாயங்களை அடுக்குகிறான். கோவலனைப் பற்றி அவன் ஒரு புதிய சான்றும் தரவில்லை. 'கள்வர்கள் இப்படித்தான் இருப்பார்கள்' என்று பொதுவாகப் பேசியே சான்றில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டான். அதைக் கேட்ட பிறகு வாள் வீசப்படுகிறது.

'அவன் ஏற்கெனவே இரண்டு முறை தவறு செய்தவன்.' என் அறிக்கையில் நான் எழுதிய வரி அது. பொற்கொல்லன் பேச்சு.

கண்ணகி கொண்டுவந்த சான்று ஏன் வென்றது? சூப்பர்இம்போசிஷன் செய்ய முடியாததை அது செய்தது. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்தால் இரண்டில் ஒன்றுதான் வரும். இரண்டு கதைகளில் ஒன்றைத் தவறாமல் கொல்கிற சோதனை. அதைவிட முக்கியம், சோதனைக்கு முன்பே இரு தரப்பும் தங்கள் கூற்றைச் சொல்லிவிட்டன. பாண்டியன் உடைவதற்கு முன் முத்து என்று சொல்லாமல் இருந்திருந்தால் பிறகு எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அக்டோபர் 12-ம் தேதிப் புகாரின் வலிமையும் இதே இனம்தான். முன்கூட்டியே சொன்ன சொல்.

இந்த அளவுகோல் நமக்குப் பிடித்த முடிவுகளை மட்டும் தரும் என்று நினைக்கக் கூடாது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், 2017-ல் சென்னைப் புறநகரில் நடந்த ஒரு சிறுமியின் கொலை வழக்கில், தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை விடுதலை செய்தது. செஷன்ஸ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டவை கடைசியாகப் பார்த்த சாட்சி, சிசிடிவி, தடயவியல் சான்று. எதுவும் ஐயத்துக்கு அப்பால் நிறுவப்படவில்லை என்றது உச்ச நீதிமன்றம். என் நண்பர்கள் குழுவில் அன்றிரவு வந்த செய்திகளை இங்கே எழுத முடியாது. எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அதே நாளில் இன்னொன்றும் தோன்றியது. அந்த வழக்கைத் தோற்கடித்தது நீதிபதிகளின் இரக்கமில்லை. பொருள் சான்றைச் சேகரித்து, காப்பாற்றி, உரிய முறையில் நிறுவ வேண்டியவர்கள் செய்யாமல் விட்ட வேலை. கண்ணால் கண்ட சாட்சி பொய் சொல்லும், பொருள் பொய் சொல்லாது என்பார்கள். பொருள் பேசவே பேசாது. பேச வைப்பவர்கள் ஒழுங்காக வேலை செய்தால்தான் அதற்கு வாய் உண்டு.

8

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது பழனி வழியாக மலையேறினேன். பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் பெருமாள்மலையில் சேர்கின்றன. சுற்றுலா வண்டிகள் டீக்கு நிற்கும் இடம் அது. அங்கிருந்து பார்த்தால் சோலைக்காடு பனிக்குள் இருந்தது. யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் அண்ணாச்சி கதையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இந்தத் தீர்ப்பின் குறைகளைச் சொன்னேன். ஆதாரங்களை எண்ணுகிறது, அவற்றின் சார்பைப் பார்க்கவில்லை. 'உறுதுணை' என்பதன் எடையைச் சொல்லவில்லை. தன் மிக வலுவான வாதத்தைத் தானே அடிக்கோடிடவில்லை. ஆனால் அது ஒன்றைச் செய்திருக்கிறது, நம் கதைசொல்லிகள் யாரும் செய்யாதது. கொடைக்கானலில் 'அடையாளம் தெரியாத ஆண்' என்று புதைக்கப்பட்ட ஒருவரை, துணி, படம், எலும்பு என்று ஒவ்வொன்றாக வைத்து, இவர்தான் சாந்தகுமார் என்று சொல்லியிருக்கிறது. அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இரவு வீட்டில் அப்பாவிடம் இந்தக் கட்டுரை எழுதப்போவதைச் சொன்னேன். அவருக்கு அந்த டிரைவரை நினைவிருந்தது, பேச்சு நினைவில்லை. முழுவதையும் விளக்கினேன். புகார் தேதி, உடல் கிடைத்த தேதி எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அப்ப கணக்கு நேர் ஆகுது" என்றார். பிறகு கேட்டார்: "உங்க ஆபீஸ்ல அந்தப் பையன், அவன் கணக்கு என்னாச்சு?"

அவனுக்கு மறுபடி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இந்த முறை அவன் அன்று கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு.